நாலு தப்பு, ஒரு சரி

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு உங்கள் மேனேஜர் வந்து நின்று, "இந்த ஸ்டேட்மென்ட்டை முடிக்காம யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது" என்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு ஏழரைக்கு முடிக்கிறீர்கள். டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினால், "எங்கே கிளம்பிட்டீங்க? இன்னும் ஒரு ஃபைல் இருக்கு" என்கிறார்.

"முடிச்சா போகலாம்னீங்களே சார்!"

சொன்னாரா? யோசித்துப் பாருங்கள். முடிக்காமல் போகக் கூடாது என்றார். முடித்தால் போகலாம் என்பது அவர் வாயிலிருந்து வரவே இல்லை. நீங்களாக, வீட்டு ஞாபகத்தில், சேர்த்துக்கொண்டது. தர்க்கப்படி மேனேஜர் கட்சிதான் ஜெயிக்கிறது. (தர்மப்படி யார் என்பதை யூனியனில் பேசிக்கொள்ளுங்கள்.)

முடிப்பது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. இந்த அவசியத்துக்கும் போதுமானதுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபடாததால் அமெரிக்காவில் வருஷா வருஷம் ஏராளமான பட்டதாரிகள் கையைப் பிசைகிறார்கள். அங்கே சட்டக் கல்லூரியில் சேர எழுதும் பரீட்சைக்கு எல்சாட் என்று பெயர். 1948-லிருந்து நடக்கிறது. நம் ஊரில் ப்ளஸ் டூ முடித்த கையோடு ஐந்து வருஷ சட்டப் படிப்பில் நுழையலாம். அங்கே அப்படி இல்லை. முதலில் ஏதாவது ஒரு டிகிரி, அதற்குப் பிறகுதான் மூன்று வருஷம் சட்டம். நடுவில் இந்தச் சுங்கச்சாவடி.

வேடிக்கை என்னவென்றால், சட்டக் கல்லூரிப் பரீட்சையில் சட்டம் தெரிந்திருந்தால்தான் பதில் சொல்ல முடியும் என்கிற கேள்வி ஒன்றுகூடக் கிடையாது. கொலைக்கு என்ன தண்டனை என்று கேட்க மாட்டார்கள். டைனோசர், திமிங்கிலம், நகரசபை மேயர், ஓவியக் கண்காட்சி என்று எதைப் பற்றியாவது ஐந்தாறு வரி இருக்கும். அதில் யாரோ ஒருவர் எதையோ நிரூபித்துவிட்டதாக மார்தட்டிக்கொள்வார். அவர் வாதத்தில் ஓட்டை எங்கே, அல்லது எதைச் சொல்லாமல் விழுங்கிவிட்டார், அல்லது எதைச் சேர்த்தால் வாதம் நிற்கும் என்று கேள்வி. ஐந்து பதில்கள். நாலு தப்பு, ஒன்று சரி. ஒரு பகுதிக்கு 35 நிமிஷம், ஏறக்குறைய 25 கேள்வி. வகுத்துப் பார்த்தால் ஒரு கேள்விக்கு 84 செகண்ட். ஒரு காபி ஆற்றுகிற நேரம்.

மார்க் 120-ல் ஆரம்பித்து 180-ல் முடியும். பெயரை மட்டும் எழுதிவிட்டு வந்தாலும் 120 தருகிற தாராள மனசு. 2001-ல் வந்த 'லீகலி ப்ளாண்ட்' படத்தில், நெயில்பாலிஷும் நாய்க்குட்டியுமாகத் திரியும் கதாநாயகி 179 வாங்கி ஹார்வர்டில் நுழைவாள். அது சினிமா. நிஜத்தில் ஹார்வர்ட், யேல் போன்ற இடங்களில் சேருபவர்களில் நடுவாந்தர ஆசாமியின் மார்க்கே 170-க்கு மேல்.

என் அக்கா பையன் ஒருவன் நியூ ஜெர்ஸியில் இருக்கிறான். வயது முப்பத்தொன்று. திருச்சியில் எஞ்சினியரிங், அங்கே போய் எம்.எஸ்., அப்புறம் சாஃப்ட்வேர். இப்போது பேடன்ட் வக்கீலாக ஆசை. எஞ்சினியர் சட்டம் படித்தால் அங்கே அந்த வேலைக்கு மதிப்பு உண்டு, ஆகவே அசட்டு ஆசை இல்லை. ஆனால் பெரிய தனியார் சட்டக் கல்லூரிகளில் டியூஷன் மட்டும் வருஷத்துக்கு 70,000 டாலருக்கு மேல். வீட்டில் ஒன்றரை வயசுக் குழந்தை. ஸ்காலர்ஷிப் கிடைத்தால்தான் படிப்பு, இல்லாவிட்டால் பழைய கம்ப்யூட்டரே கதி. அங்கே கல்லூரிகள் தங்கள் மாணவர்களின் எல்சாட் மார்க்கை வருஷா வருஷம் வெளியிட வேண்டும். அது உயர்ந்தால் ஊரில் மரியாதை. அதனால் நல்ல மார்க்குக்காரனுக்குச் சம்பளத்தில் தள்ளுபடி கொடுத்துக் கூப்பிடுவார்கள். நாலைந்து மார்க் வித்தியாசத்தில் ஒரு வீட்டுக் கடன் அளவு பணம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும்.

பையன் வீட்டில் எழுதிப் பார்த்ததில் 161-லேயே நின்றுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை போனில் அழாத குறை.

"மூணு ஆப்ஷனை ஈஸியா அடிச்சுடறேன் மாமா. கடைசி ரெண்டுல ஒண்ணை எடுக்கணும். எடுக்கறது எல்லாமே தப்பா போறது. காசைச் சுண்டிப் போட்டாக்கூடப் பாதி சரியா வரணுமே!"

நியாயமான புகார். காசைச் சுண்டுவதைவிட மோசமாக ஒருவன் செய்கிறான் என்றால் அவனை யாரோ இழுக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ஐந்து பதில்களில் ஒன்று தூண்டில் புழு. அதைச் செய்கிறவர்கள் இரண்டாம்தர ஆசாமிகள் அல்ல. நாம் எங்கே வழுக்குவோம் என்று தெரிந்துவைத்து அங்கே எண்ணெய் ஊற்றுகிறவர்கள்.

நானே ஒரு கேள்வி தயாரித்து அவனுக்குப் போட்டேன். நீங்களும் போடுங்கள்.

ஒரு தொல்பொருள் ஆராய்ச்சியாளர் சொல்கிறார்: 'இந்தத் தீவில் தோண்டியபோது 3,000 வருஷப் பழைய வெண்கலக் கத்தி ஒன்று கிடைத்தது. வெள்ளீயம் இல்லாமல் இந்த வெண்கலத்தைச் செய்ய முடியாது. தீவில் வெள்ளீயம் கிடையாது, இருந்ததும் இல்லை. ஆகவே 3,000 வருஷத்துக்கு முன்பே இந்தத் தீவுக்காரர்கள் வெளியாரோடு வியாபாரம் செய்திருக்கிறார்கள்.'

இந்த வாதம் நிற்க எது அவசியம்?

(அ) தீவில் செம்பு கிடைத்தது.
(ஆ) தீவுக்காரர்களுக்கு வெண்கலம் உருக்கத் தெரியும்.
(இ) அந்தக் கத்தி, கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய அந்நியன் ஒருவனின் உடைமை அல்ல.
(ஈ) பக்கத்துத் தீவுகளில் வெள்ளீயச் சுரங்கம் இருந்தது.
(உ) தீவுக்காரர்கள் வெண்கலம் தவிர வேறு உலோகம் பயன்படுத்தவில்லை.

எண்பத்து நாலு செகண்ட். ஆச்சா?

பையன் முதலில் செய்தது சண்டை. "தீவுல வெள்ளீயம் இல்லைன்னு எப்படி மாமா சொல்ல முடியும்? எல்லா இடத்திலயும் தோண்டிப் பாத்தாங்களா?" இது நம் ரத்தத்தில் ஊறியது. எதிராளி வாயைத் திறந்ததும் முதல் வரியிலேயே 'அதெப்படி?' என்று பாய்வோம். டீக்கடை அரசியலுக்கு அது சரி. எல்சாட்டில் கூடாது. சொன்ன தகவல்களை எல்லாம் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டும். காக்கை பச்சை என்றால் பச்சை. சண்டை போட வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்: தகவலிலிருந்து 'ஆகவே'வுக்குத் தாவுகிறார் பாருங்கள், அந்த இடைவெளி.

அப்புறம் (ஈ) என்றான். பார்த்தால் புத்திசாலித்தனமாக இருக்கிறது. வியாபாரம் என்றால் பக்கத்தில் சரக்கு இருக்க வேண்டாமா? இங்கேதான் ஒரு கருவி உதவும். பதிலைத் தலைகீழாகப் புரட்டு. புரட்டியபின் வாதம் செத்தால் அதுதான் அவசியம். சாகாவிட்டால் அது சும்மா ஒட்டிக்கொண்டு வந்த விருந்தாளி.

(ஈ)-யைப் புரட்டினால், பக்கத்துத் தீவுகளில் சுரங்கம் இல்லை. சரி, ஆயிரம் மைல் தள்ளிப் போய் வாங்கியிருக்கலாமே? வாதத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. (ஆ)-வைப் புரட்டுங்கள். வெண்கலம் உருக்கவே தெரியாது. அப்படியானால் கத்தியை முழுசாக விலைக்கு வாங்கியிருப்பார்கள், வாதம் இன்னும் பலப்படுகிறது! (அ)-வும் அதே கதை: செம்பும் கிடையாது என்றால் வெளியிலிருந்து வந்திருக்க இன்னொரு காரணம். (உ) எந்தப் பக்கமும் சேராத வெட்டி. (இ)-யைப் புரட்டுங்கள். கத்தி, கரை ஒதுங்கிய யாரோ ஒரு பரதேசியின் இடுப்பிலிருந்து விழுந்தது. முடிந்தது. ஆராய்ச்சியாளர் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

ஒரு நுணுக்கம். கத்தி அந்நியனுடையது என்பதால் தீவுக்காரர்கள் வியாபாரமே செய்யவில்லை என்று ஆகிவிடாது. செய்திருக்கலாம். ஆனால் இந்தக் கத்தியை வைத்து அதைச் சொல்ல முடியாது. செத்தது முடிவு அல்ல, ஆதாரம். நல்ல வக்கீலுக்கும் டி.வி. விவாதத்தில் கத்துகிறவருக்கும் உள்ள தூரம் இதுதான் என்பேன். 'உன் கட்சிக்காரன் திருடவில்லை' என்று நிரூபிக்க வேண்டியதில்லை. 'இந்தச் சாட்சியை வைத்துத் திருடினான் என்று சொல்ல முடியாது' என்றால் போதும்.

கவனித்தீர்களா, சரியான பதில் எவ்வளவு சப்பென்று இருக்கிறது! 'அல்ல' என்று எதையோ இல்லையென்று சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. 'எது அவசியம்' என்று கேட்டால் பெரும்பாலும் அடக்கமான பதில்தான் ஜெயிக்கும். 'எப்போதும்', 'ஒருவரும்', 'மட்டுமே' என்று மீசை முறுக்குகிற பதில்களை இரண்டு தடவை சந்தேகிக்க வேண்டும். ஆனால் கேள்வி 'எதைச் சேர்த்தால் முடிவு உறுதியாகும்' என்று மாறினால் நியாயமும் மாறுகிறது. அங்கே மீசைக்காரர்தான் வேண்டும். முதல் கேள்வி மேனேஜர் சொன்னது, இரண்டாவது நீங்கள் கேட்டதாக நினைத்துக்கொண்டது. கேள்வியின் கடைசி வரியைச் சரியாகப் படிக்காமல் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். பையனும் அதில் சேர்த்தி.

அடுத்த கண்ணி, 'சில', 'பெரும்பாலான' என்கிற வார்த்தைகள். தர்க்கத்தில் 'சில' என்றால் குறைந்தது ஒன்று, அவ்வளவே. எல்லாமாகவும் இருக்கலாம். "சில இட்லி நன்னா இருக்கு" என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். மீதி இட்லியைக் குறை சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். எல்சாட்காரர்கள் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு கம்பெனியில் பத்து வக்கீல்கள். பெரும்பாலோர் ரயிலில் வருகிறார்கள். பெரும்பாலோர் டை கட்டுகிறார்கள். டை கட்டி ரயிலில் வருகிறவர் யாராவது உண்டா? கட்டாயம் உண்டு. ஆறு பேர் ரயில், ஆறு பேர் டை என்று வைத்தாலும் பன்னிரண்டு. இருப்பதே பத்து பேர். இரண்டு பேராவது இரண்டு கூட்டத்திலும் இருந்தாக வேண்டும். சரி, இப்போது கொஞ்சம் மாற்றுகிறேன். வக்கீல்களில் பெரும்பாலோர் ரயிலில் வருகிறார்கள். ரயிலில் வருகிறவர்களில் பெரும்பாலோர் பேப்பர் படிக்கிறார்கள். ஆகவே வக்கீல்களில் சிலராவது பேப்பர் படிக்கிறார்கள்? கிடையாது! ரயிலில் ஆயிரம் பேர் வருகிறார்கள். அதில் நம் ஆறு வக்கீல்களும் ஜன்னலோரம் வாயைத் திறந்துகொண்டு தூங்கலாம். இரண்டு வாக்கியங்களும் காதுக்கு ஒரே மாதிரி கேட்கின்றன. முதலாவதில் ஒரே கூட்டத்தை இரண்டு தடவை எண்ணினோம். இரண்டாவதில் கூட்டமே மாறிவிட்டது.

இதிலெல்லாம் தடுக்கி விழுவது முட்டாள்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். பீட்டர் வாஸன் என்ற இங்கிலாந்து மனோதத்துவக்காரர் 1966-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். மேஜை மேல் நாலு சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். நம் எழுத்திலேயே சொல்கிறேன். தெரிவது அ, க, 4, 7. விதி: ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டை எண் இருக்க வேண்டும். விதி மீறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எந்தச் சீட்டுகளைப் புரட்ட வேண்டும்?

'அ' என்று எல்லோரும் சொல்வார்கள். கூடவே 4 என்பார்கள். 4-ஐப் புரட்டி என்ன லாபம்? பின்னால் 'க' இருந்தாலும் விதிக்குப் பங்கமில்லை. இரட்டை எண்ணுக்குப் பின்னால் உயிரெழுத்துதான் வர வேண்டும் என்று யார் சொன்னது? புரட்ட வேண்டியது 7. அதன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி அவுட். இப்படி எழுத்தும் எண்ணுமாகக் கேட்டால் சாதாரணமாகப் பத்தில் ஒருவர் தேறுவதே அபூர்வம்.

1982-ல் அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதே கணக்குக்கு வேறு சட்டை மாட்டினார்கள். நாலு சீட்டும் நாலு ஆட்கள். ஒருவர் பியர் குடிக்கிறார், ஒருவர் கோக் குடிக்கிறார், ஒருவருக்கு வயது 22, ஒருவருக்கு 16. பியர் குடிப்பவருக்கு 19 வயதுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் போலீஸ்காரர். யாரைச் சோதிப்பீர்கள்? பியர் குடிக்கிறவரின் வயதை, 16 வயசுப் பையனின் கிளாஸை. நாலில் மூன்று பேர் அளவுக்குச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். தர்க்கம் ஒன்றேதான். வேஷம் மாறியதும் மூளை முழித்துக்கொள்கிறது. பையனுக்கு நான் சொன்ன ஒரே டியூஷன் இதுதான். வறட்டு வாக்கியம் வந்தால் அதில் ஒரு போலீஸ்காரனையும் ஒரு திருட்டுப் பையனையும் கற்பனை பண்ணிக்கொள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சின்ன இடைச்செருகல். மணிமேகலையில் இருபத்தொன்பதாவது காதையைப் புரட்டிப் பாருங்கள். அறவண அடிகள் மணிமேகலைக்கு வரிசையாகத் தர்க்கப் பாடம் நடத்துகிறார். எந்த வாதம் செல்லும், எது வாதம் போல வேஷம் போடும் என்று பக்கப்போலி, ஏதுப்போலி, எடுத்துக்காட்டுப்போலி என்று வகைவகையாகப் பிரித்துக்கொண்டே போகிறார். கதை படிக்க வந்தவர்கள் தாண்டிவிடுகிற பகுதி அது. 'இந்த வாதத்தில் உள்ள பிழை என்ன' என்று எல்சாட்டில் கேட்கிறார்களே, அந்தக் கேள்விகளை நன்றாகச் சமாளித்திருப்பாள் மணிமேகலை.

முன்பெல்லாம் இந்தப் பரீட்சையில் இன்னொரு பகுதி உண்டு. 'ஏழு பேர் வரிசையில் உட்காருகிறார்கள். ஜான் பக்கத்தில் மேரி உட்கார மாட்டாள். பீட்டர் கடைசியில் உட்கார்ந்தால்...' ரகம். நம் பாங்க் பரீட்சை எழுதினவர்களுக்குக் கனவில் வரும் சமாசாரம். கட்டம் போட்டுக்கொண்டால் எளிது, போடாவிட்டால் தலை சுற்றும். மிச்சிகனைச் சேர்ந்த பார்வையற்ற ஒருவர் 2011-ல் கேஸ் போட்டார். என்னால் படம் வரைய முடியாது, வரைந்தால்தான் விடை வரும் என்றால் நான் வக்கீலாகவே கூடாதா என்பது அவர் கேள்வி. கேஸ் தள்ளுபடியானது. விடவில்லை, 2017-ல் மறுபடி போட்டார். பரீட்சை நடத்தும் கவுன்சிலை நேராகவே எதிர்வாதியாக்கினார். 2019-ல் சமாதானம் ஆயிற்று. 2024 ஆகஸ்டிலிருந்து அந்தப் பகுதியே இல்லை. அதன் இடத்தில் இன்னொரு தர்க்கப் பகுதி. இப்போது மார்க்குக்குக் கணக்காகும் மூன்று பகுதிகளில் இரண்டு தர்க்கம், ஒன்று பத்தியைப் படித்துப் பதில் சொல்வது.

புதிர் ரசிகர்கள் புலம்பினார்கள். எனக்கும் அந்த ரகக் கணக்குகள் மேல் ஒரு பிரியம் உண்டு. ஆனாலும் அவர் பக்கம்தான் நான். கோர்ட்டில் எந்த ஜட்ஜும் வக்கீலைப் பார்த்து, 'கட்டம் போட்டு ஏழு பேரை உட்கார வையுங்கள்' என்று கேட்டதாகக் கேள்விப்பட்டதில்லை. வழிமறித்தது வக்கீல் தொழிலுக்கு வேண்டிய திறமை அல்ல, ஒரு பென்சில். யோசித்தால், அவர் வாதமே ஒரு நல்ல எல்சாட் கேள்வி. 'படம் வரைந்தால் விடை வரும். ஆகவே விடை வராதவனுக்குத் தர்க்கம் தெரியாது' என்பதில் உள்ள ஓட்டையை அவர் கோர்ட் கோர்ட்டாகப் போய்க் காட்டினார்.

பையனுக்குத் தோதான ஒரு விஷயம்: எல்சாட்டில் தப்பான விடைக்கு மார்க் வெட்டுவதில்லை. நம் ஊர் 'க்ளாட்' பரீட்சையில் ஒவ்வொரு தப்புக்கும் கால் மார்க் போய்விடும். இங்கே படித்த பழக்கத்தில் சந்தேகமான கேள்விகளை அவன் காலியாகவே விட்டுக்கொண்டிருந்தான். மரியாதைக்குரிய பழக்கம், ஆனால் அந்த ஊருக்குப் பொருந்தாது. மணி அடிக்கப் பத்து செகண்ட் இருக்கும்போது மிச்சக் கேள்விக்கெல்லாம் ஏதாவது ஒன்றை அமுக்கிவிட்டு வா என்றேன். தன்மானம் இடித்தது போலிருக்கிறது, கொஞ்ச நேரம் பேச்சைக் காணோம்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி போன். பின்னணியில் குழந்தை வீரிட்டுக்கொண்டிருந்தது. பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம். வீட்டில் எழுதிப் பார்த்ததில் 164 வந்திருக்கிறதாம். 168 வந்தால் கேட்ட கல்லூரியில் பாதிச் சம்பளமாவது தள்ளுபடி கிடைக்கும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறான்.

"அது இருக்கட்டும் மாமா, உங்க கத்திக் கேள்வியில இன்னொரு ஓட்டை இருக்கு."

"என்ன?"

"கத்தி மூவாயிரம் வருஷப் பழசு. சரி. தீவுக்கு அது எப்ப வந்ததுன்னு நீங்க சொல்லவே இல்லையே? யாராவது ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி பழைய சாமானா வித்திருந்தா? வியாபாரம் நடந்திருக்கு, கத்தியும் பழசுதான், ஆனா ஆராய்ச்சியாளர் சொன்ன தேதி மட்டும் அம்பேல்!"

(ஊ) என்று ஆறாவதாக ஒரு பதிலைச் சேர்த்து எழுதிவைத்துக்கொண்டேன்.